ஒப்பீட்டுத் தெரு

குலுக்கல் பெட்டியின் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கப் பருவநிலை ஆய்வு நிறுவனம் மூன்று கூட்டம் போட்டது.

முதல் கூட்டத்திலேயே சீட்டு வேண்டாம் என்று முடிவானது. சீட்டு என்றால் காகிதம், காகிதம் என்றால் மரம். ஆகவே சீட்டுக்குப் பதிலாக எலுமிச்சை அளவில் இரண்டு மரக்குண்டுகள் கடைந்து வரவழைக்கப்பட்டன. இரண்டாம் கூட்டம் பெட்டியின் வாயைப் பற்றியது. வாய் பெரிதாக இருந்தால் ஒருவர் இரண்டு குண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம், அது ஆய்வின் நேர்மைக்கு ஆபத்து என்று அறநெறிக் குழுத் தலைவி சுட்டிக்காட்டினார். மூன்றாம் கூட்டத்தில் ஒரு தச்சரை அழைத்து, கை ஒரு குண்டோடு வெளியே வரக்கூடிய, இரண்டு குண்டோடு வர முடியாத ஓர் ஓட்டை போடச் செய்தார்கள். தச்சர் நாலு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, "இதுக்கா சார் என்ன மூணு வாரமா வரச் சொல்லிட்டே இருந்தீங்க" என்று கேட்டார். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

குலுக்கல் எதற்கு என்றால், பழைய பஸ் பணிமனைக்குப் பின்னால் இரண்டு தெருக்கள் இருந்தன. முன் தெரு, பின் தெரு. தெருவுக்கு நாற்பது வீடு. எல்லாம் தகரக் கூரை. கோடையில் அந்த வீடுகளுக்குள் மதியம் இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அது முறையாக நிறுவப்பட்டிருக்கவில்லை. எனவே ஒரு தெருவின் கூரைகளுக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு அடிப்பது, இன்னொரு தெருவை அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஆய்வு வகுக்கப்பட்டது. பெட்டியிலிருந்து முதலில் வெளிவரும் தெருவுக்கு வெள்ளை. மற்றது ஒப்பீட்டுத் தெரு.

வீடு வீடாகப் போய் வெப்பமானியைப் பார்த்து எழுதுகிற களப்பணியாளனுக்கு நிறுவனத்தில் புள்ளி என்று பெயர். எந்த எண்ணையும் அவன் புள்ளி வைக்காமல் சொன்னதில்லை. வயது கேட்டால் இருபத்தொன்பது புள்ளி ஏழு என்பான். இந்த வியாதி உள்ளவர்களை ஆய்வு நிறுவனங்கள் கீழ்நிலைப் பதவிகளில் பத்திரமாக வைத்துக்கொள்கின்றன.

குலுக்கலுக்கு முன் எல்லோரும் உறவு விவரப் படிவம் நிரப்ப வேண்டும். புள்ளி, "பின் தெரு பதினேழாம் எண் வீட்டில் என் அக்கா குடியிருக்கிறாள். அத்தானுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்து எட்டு புள்ளி இரண்டு மாதம் ஆகிறது" என்று எழுதிக் கொடுத்து, தன்னை இந்த வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று காத்திருந்தான். மாறாகப் பாராட்டுக் கடிதம் வந்தது.

"உறவு இருக்கறது தப்பில்ல. மறைக்கறதுதான் தப்பு" என்றார் தலைவி, கூட்டத்தின் நடுவில். "இவர் மறைக்கல. எழுதிக் குடுத்துட்டார். எழுதிக் குடுத்துட்டா அது உறவே இல்ல, தகவல். அதனால குலுக்கல் இவர் கையாலேயே நடக்கட்டும்."

"எனக்கு வேணாம் மேடம்" என்றான் புள்ளி.

"வேணாம்னு சொல்றவர்தான் எங்களுக்கு வேணும்" என்றார் இயக்குநர்.

புள்ளி கையை விட்டான். குண்டு வந்தது. முன் தெரு என்று எழுதியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தன்னுடைய சொந்த அக்காவுக்கு எதிராக இவ்வளவு நேர்மையாக ஒருவர் கை விட்டதை நிறுவனம் இதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவன் பதினான்கு பக்கச் சம்மதப் படிவத்தோடு போனபோது தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீதான் எடுத்தியாமே?"

"குலுக்கல்க்கா. யார் எடுத்தாலும் பாதிக்குப் பாதி."

"அதுல எங்களுக்கு இல்லாத பாதியா பாத்து எடுத்துட்டு வந்திருக்க."

புள்ளி விளக்கினான். விளக்கத்தில் தவறேதும் இல்லை. "ரெண்டு தெருவுக்கும் அடிச்சிட்டா, குறைஞ்சது பூச்சாலயா காத்தாலயான்னு தெரியாதுக்கா. ஒண்ண விட்டு வச்சாத்தான் எவ்ளோ குறைஞ்சதுன்னு சொல்ல முடியும்."

"சரி. சொல்லிட்டு?"

"ஆய்வு முடிஞ்சதும் இந்தத் தெருவுக்கும் அடிச்சுக் குடுப்பாங்க. பதினொண்ணாம் பக்கத்துல இருக்கு."

கட்டிலில் படுத்திருந்த அத்தான் தலையைத் தூக்கினார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது வாசல்வரை நடந்தால் உட்கார வேண்டியிருந்தது. "மாப்ள, என்னோட கெடு எந்தப் பக்கத்துலன்னு பாத்துச் சொல்லு. பதினொண்ணுக்கு முன்னாடி வந்துடப் போகுது."

"பேச்சப் பாரு" என்றாள் அக்கா. கையெழுத்துப் போட்டாள். தம்பிக்கு வேலை நிலைக்க வேண்டும்.

முதல் கோடை முடிந்தது. ஒப்பீட்டுத் தெருவில் சராசரி நாற்பத்து மூன்று புள்ளி எட்டு. வெள்ளைத் தெருவில் முப்பத்தெட்டு புள்ளி ஆறு. ஐந்து புள்ளி இரண்டு பாகை வித்தியாசம். புள்ளி பதினொன்றாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனான்.

இயக்குநர் அவனை உட்காரச் சொன்னார். அது நல்ல அறிகுறி அல்ல. "பிரமாதமான முடிவு. அதுதான் பிரச்சினையே. இவ்ளோ நல்லா வந்தா வெளில நம்ப மாட்டாங்க. சுமாரா வந்திருந்தா இந்த வருஷமே முடிச்சிருக்கலாம். இப்போ இன்னும் ரெண்டு கோடை பாக்கணும்."

"மீதிப் பூச்சு பன்னெண்டு டின் இருக்கு சார். பின் தெருவுல முடியாதவங்க வீட்டுக்கு மட்டுமாவது..."

"முடியாதவங்க வீட்ட மட்டும் குளுமையாக்கினா, வெயிலால யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு முடிவு வரும். அது அறிவியல் மோசடி இல்லையா?"

பன்னிரண்டு டின்னையும் வீணாக்குவது நிலைத்த வளர்ச்சிக் கொள்கைக்கு எதிரானது என்பதால் நிறுவனத்தின் கார் கொட்டகைக் கூரைக்கு அடித்தார்கள். கார்கள் ஆய்வில் பங்கேற்கவில்லை. அறநெறிச் சிக்கல் எதுவும் எழவில்லை.

இரண்டாம் கோடையின் தொடக்கத்தில் அக்கா அத்தான் கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஈரச் சாக்கு விரித்தாள். அன்று வெப்பமானி நாற்பத்தொன்று புள்ளி ஒன்று காட்டியது. புள்ளி அதை எழுதி, குறிப்புப் பகுதியில் 'ஈரச் சாக்கு' என்றும் எழுதினான். எழுதாமல் விட்டிருக்கலாம். அவன் ஜாதகம் அப்படி இல்லை.

மறுநாள் தலைவியே வந்தார். கூடவே இரண்டு உறுப்பினர்கள் ஏணி வைத்துச் சாக்கைப் பல கோணங்களில் படமெடுத்தார்கள். தலைவி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கனிவானவர்தான். கண்கூடக் கலங்கியிருந்தது.

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியணும்னுதாம்மா இவ்ளோ பாடு. நீங்க சாக்கப் போட்டுட்டா உங்க கஷ்டம் எங்க கணக்குல குறைஞ்சு தெரியும். அது உங்களுக்கு நீங்களே செஞ்சுக்கற அநியாயம்."

"சாக்க எடுத்துட்டா நியாயம் கிடைச்சிடுமா மேடம்?"

"பதிவாயிடும்மா."

சாக்கை எடுக்கும் வேலை புள்ளிக்குக் கொடுக்கப்பட்டது. அவன் கூரையில் ஏறியபோது அது ஏற்கெனவே காய்ந்து அப்பளமாகியிருந்தது. 'அகற்றப்பட்ட சாக்கு: 1' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தான். அக்கா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பின் தெரு ஒன்பதாம் எண் வீட்டில் ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் தனியாக இருந்தார். புள்ளி தினமும் இரண்டு மணிக்கு உள்ளே போனதும், "இன்னிக்கு எத்தன தம்பி?" என்பார். எண்ணைக் கேட்டதும் தானே ஓட்டப் பந்தயத்தில் ஓடி வாங்கியதைப் போல, "நேத்தவிட கூடதான்" என்று தலையாட்டுவார். கோடையின் நடுவில் ஒரு நாள் நாற்பத்தைந்து புள்ளி மூன்று. புள்ளி எழுதினான். எழுதி முடித்து, புள்ளியையும் வைத்த பிறகுதான், இன்று அவர் கேட்கவில்லை என்பது உறைத்தது. நாற்காலியில் நிமிர்ந்து, வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தபோது உடம்பு வீட்டின் சூட்டிலேயே இருந்தது.

நிறுவனம் ஒரு நிமிடம் மௌனம் காத்தது. பிறகு அட்டவணையில் 'தொடர்பு அற்றுப்போனவர்' என்ற பகுதியில் ஒன்று என்று குறித்தது.

"வெயில்ல செத்துட்டார்னு எழுத வேணாமா மேடம்?" என்று கேட்டான் புள்ளி.

"அப்படி எடுத்த எடுப்புல எழுத முடியாது" என்றார் தலைவி. "அதே மனுஷன் முன் தெருவுல இருந்திருந்தா சாகாம இருந்திருப்பார்னு நிரூபிக்கணும். நமக்கு ஒரே ஒரு அவர்தான இருந்தார்."

இயக்குநர் ஆறுதல் சொன்னார். "ஒரு விதத்துல இனிமே ஒன்பதாம் நம்பர்தான் நம்மகிட்ட இருக்கற சுத்தமான தரவு. கதவு திறக்காது, அடுப்பு எரியாது, மூச்சு விடற ஆள் இல்ல. வெப்பமானிய எடுத்துடாதீங்க."

புள்ளி எடுக்கவில்லை. பூட்டிய வீட்டைத் தினமும் திறந்து, எழுதி, பூட்டினான். சில நாள் எண்ணை வாய்விட்டுச் சொன்னான்.

அடுத்த வாரம் அத்தான் இரண்டு முறை மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து, இனி இவரை வெக்கையில் விடக் கூடாது என்று சொல்லி, அதே வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மாலை புள்ளி சம்மதப் படிவத்தின் பதின்மூன்றாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு கோப்புப் பிரிவுக்குப் போனான். பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் ஆய்விலிருந்து விலகலாம் என்று அதில் இருந்தது.

கோப்பு எழுத்தர் நிதானமாகப் படித்தார். "தாராளமா விலகலாம். ஆனா பங்கேற்பவர்னா ஆளு. ஆய்வுல இருக்கறது கூரை. ஆள் விலகலாம், கூரை விலக முடியாது. கூரை எங்க சம்மதம் குடுத்துச்சு?"

"அப்போ எங்க அத்தான் என்ன செய்யணும்?"

"வீட்ட விட்டுப் போயிடலாம். ஏன் போறீங்கன்னு நாங்க ஒரு வார்த்த கேக்க மாட்டோம். அவ்ளோ சுதந்திரம் குடுத்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினேழாம் எண் வீட்டு வாசலில் பீப்பாயில் சுண்ணாம்பு கொதித்தது. அக்கா கலக்கினாள். புள்ளி கூரையில் இருந்தான். அத்தான் எதிர்வீட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரியைப் பின்னுக்கு எடுக்க வழி சொல்வதைப் போல, "லெஃப்ட்ல கொஞ்சம் விட்டுப் போச்சு... இன்னும்... வா வா... போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பூச்சு. கூரையைப் பார்த்தால் கண் கூசியது.

திங்கட்கிழமை இரண்டு மணி. முப்பத்தெட்டு புள்ளி நான்கு. அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். கோடை தொடங்கியபின் மதியத்தில் அவர் தூங்குவதை அன்றுதான் புள்ளி பார்த்தான். அவன் பென்சிலைப் பிடித்தபடி நின்றான்.

"நாப்பத்து நாலுன்னு எழுதிட்டுப் போடா" என்றாள் அக்கா தாழ்ந்த குரலில். "யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனேக்கா."

"உன் வேல போயிடும்டா."

"பொய்யா எழுதினா முன் தெரு நம்பரும் செத்துடும்க்கா. நாளைக்கு வேற ஊர்க்காரன் இத நம்பிக் கூரை அடிக்கணும்."

"அப்போ ஒன்பதாம் நம்பர்காரர்?"

அவன் பென்சிலைத் தாளில் ஊன்றினான். முப்பத்தெட்டு புள்ளி நான்கு என்று எழுதினான். குறிப்புப் பகுதியில், 'கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தது நான்' என்று எழுதினான். அவனுடைய எட்டு வருட வேலையில் மிக நீளமான குறிப்பு அதுதான்.

பீப்பாயில் மீந்ததைப் பதினெட்டாம் எண்காரி வாங்கிக்கொண்டு போனாள். சனிக்கிழமைக்குள் தெரு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. பூட்டிக் கிடந்த ஒன்பதாம் எண்ணை விட்டுவிடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. புள்ளி ஏறி அடித்துவிட்டு இறங்கினான். மறுநாள் அங்கே முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. யாரும் கேட்கவில்லை.

விசாரணை நடந்தது. குற்றம் என்னவென்று எழுதுவதே பெரும்பாடாகிவிட்டது. பூச்சு அடிப்பது நிறுவனத்தின் நோக்கம் என்று முகப்புப் பலகையிலேயே எழுதியிருந்தது. கடைசியில் 'உரிய காலத்துக்கு முன்பே நன்மை செய்தல்' என்று போட்டார்கள். ஓர் உறுப்பினர், நாற்பது கூரைக்கும் கறுப்பு அடித்து ஆய்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார். தலைவி கண்டிப்பாக மறுத்துவிட்டார். அவர் கொள்கையில் வழுவாதவர்.

"நாமளா புதுசா ஒரு தீங்கு செய்யக் கூடாது. ஏற்கெனவே இருக்கற தீங்க அப்படியே விட்டு வச்சா அது ஆய்வு. நாம உண்டாக்கினா அது பாவம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்தக் குழுவே இருக்கு."

புள்ளியை வேலையை விட்டு நீக்கவும் முடியவில்லை. வெளியிலிருந்து தரவைச் சரிபார்க்க வந்த நிபுணர், தன் தவறைத் தானே குறித்து வைத்த களப்பணியாளனை இந்த நிறுவனத்தில்தான் பார்த்தேன் என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆகவே செய்த காரியத்துக்கு ஒரு கண்டனக் கடிதமும் அதை ஒப்புக்கொண்டதற்கு ஒரு பாராட்டுக் கடிதமும் தயாராயின. காகிதச் சிக்கனம் கருதி இரண்டும் ஒரே தாளில், முன்பக்கமும் பின்பக்கமுமாக அச்சிடப்பட்டன.

மூன்றாம் கோடைக்கு ஒப்பீடு வேண்டுமே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரையோடு இன்னும் இரண்டு தெருக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கீழத் தெரு, மேலத் தெரு. வரைபடம் போடப் புள்ளியைத்தான் அனுப்பினார்கள். எண்பது வீட்டுக்கும் போனான். ஒரு வீட்டில் ஒருத்தி மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் ஒருவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் வெப்பமானியைப் பார்த்ததும், "எத்தன தம்பி காட்டுது?" என்றார்.

பெட்டியைத் தூசு தட்டி எடுத்து வைத்தார்கள். இரண்டு புதுக் குண்டுகள். இரண்டு கோடையில் இரண்டு பாராட்டுக் கடிதம் வாங்கிய கையைவிட நம்பகமான கை நிறுவனத்தில் கிடையாது. அதற்கு முன் உறவு விவரப் படிவம். 'அத்தெருக்களில் உங்கள் உறவினர் எவரேனும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே புள்ளி, 'உண்டு. எண்பது வீடு' என்று எழுதியிருந்தான். இந்த முறை புள்ளி வைக்கவில்லை.

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். "எண்பது வீடும் சொந்தமா?"

"ஆமா மேடம்."

"எப்படி?"

"எழுதிக் குடுத்துட்டேனே மேடம்."

தலைவியின் முகம் மெல்ல மலர்ந்தது. "ரொம்ப சரி. மறைக்கல. எழுதிக் குடுத்துட்டார். அப்போ சிக்கலே இல்ல. இவருக்கு இன்னொரு பாராட்டுக் கடிதம் போடுங்க. நீங்க கைய விடுங்க."

புள்ளி கையை விட்டான்.

எல்லோரும் கை தட்டத் தயாராக இருந்தார்கள். கை வெளியே வரவில்லை. மணிக்கட்டுவரை வந்து, ஓட்டையில் முட்டி நின்றது. மறுபடி உள்ளே போய், மறுபடி முட்டியது.

இயக்குநர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ரெண்டையும் பிடிச்சிருக்கீங்களா?"

"ஆமா சார்."

"அது வராதுங்க. வரக் கூடாதுன்னுதான் அந்த ஓட்ட."

"தெரியும் சார்."

"ஒண்ண விட்டுடுங்க" என்றார் தலைவி, சாக்கு விஷயத்தில் அக்காவிடம் பேசிய அதே கனிவோடு. "கை தானா வந்துடும்."

"எந்தத் தெருவ விடட்டும் மேடம்?"

தலைவி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கோப்பு எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விதிமுறைத் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். எந்தத் தெரு என்பதைக் குலுக்கல்தான் சொல்ல வேண்டும், குழு வாயால் சொன்னால் அது பாரபட்சம். ஜன்னலுக்கு வெளியே கார் கொட்டகையின் வெள்ளைக் கூரை கண்ணைப் பறித்தது. தச்சருக்கு ஆள் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். ஓட்டையைப் பெரிதாக்குவது என்றால் மறுபடி மூன்று கூட்டம் போட வேண்டும் என்று இன்னொருவர் நினைவூட்டினார்.

புள்ளி உள்ளே விட்ட கையோடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சற்றே சாய்ந்து உட்கார்ந்தான்.

அன்றைய கூட்டக் குறிப்பின் கடைசி வரி, 'குலுக்கல் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது' என்று இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை.